ஜீவனஹள்ளியில் நீரும் கரியும்

மார்கழி மாதத்து விடியற்காலையில், பெங்களூரின் ஜீவனஹள்ளித் தெருக்களில் வாசல் தெளித்த ஈரம் உலர்வதற்கு முன்பே, இரவெல்லாம் பனியில் நின்ற டீசல் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பும் சப்தம் எழும். அப்போது அவற்றின் சைலன்சர் வாயருகே சற்றுக் குனிந்து பார்க்கும் பொறுமை உடையவருக்கு, முதலில் வெண்ணிற ஆவியும், பின்பு குழாயின் கீழுதட்டில் திரண்டு கனத்துத் தரையில் விழும் நீர்த்துளியும், அத்துளி உலர்ந்த பிறகும் அழியாமல் தங்கிவிடும் ஒரு கரிய வளையமும் புலப்படும். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிற்சுவரில், முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாக, இத்தகைய கரும்புள்ளிகள் அம்மைத் தழும்பு போலப் படிந்திருக்கின்றன. மூன்று முறை வெள்ளையடித்தோம். மூன்று முறையும் அவை திரும்பி வந்தன.

பக்கத்து வீட்டு நண்பர் பழைய டீசல் வண்டியொன்றை வாங்கிய வருஷத்துக் குளிர்காலத்தில், இந்த நீரைக் கண்டு கலங்கி, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, நாற்பது ஆண்டுகளாக டீசல் இன்ஜினைத் தவிர வேறொன்றைத் தொடாத அவரை இப்பகுதியில் எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். "பாய், இன்ஜினுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சா?" என்று நண்பர் கேட்க, அவர் ஆறியிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தார், ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "இல்ல சார், டீசல் எரிஞ்சா தண்ணி வரத்தான் செய்யும். வண்டி சூடாகட்டும், தானா நின்னுடும். சூடான பின்னாடியும் வெள்ளைப் புகை விடாம வந்தா சொல்லுங்க, ஹெட் கேஸ்கட்டைக் கழட்டிப் பார்ப்போம்."

எரிந்தால் தண்ணீர் வரும் என்ற அவ்வாக்கியத்தைப் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போக என்னால் இயலவில்லை. நெருப்பையும் நீரையும் ஜன்ம விரோதிகளாகவே எண்ணிப் பழகிய நம் மனத்திற்கு, நெருப்பே நீரைப் பிறப்பிக்கிறது என்பது எளிதில் அடங்குகிற விஷயமன்று. ஆயினும் அது பிரத்யட்சமான உண்மை. டீசலில் உள்ளவை பெரும்பாலும் இரண்டே மூலப்பொருள்கள்: கார்பன், ஹைட்ரஜன். காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிகையில், கார்பன் கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் ஜலமாகிறது. எடைப்படி டீசலில் ஹைட்ரஜன் நூற்றுக்குச் சுமார் 13 பங்கே என்றாலும், அது தன் எடையைப்போல் எட்டு மடங்கு பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால், ஒரு லிட்டர் டீசல் எரிந்து தீரும்போது சற்றேறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நிரப்பிய தொட்டி காலியாகும்போது, ஏறக்குறைய அதே அளவு நீரை வண்டி வழிநெடுக ஆவியாக விட்டுவிட்டு வந்திருக்கிறது. இன்ஜின் சூடாயிருக்கும் வரையில் நமக்கு அது தெரிவதில்லை. குளிர்ந்த குழாயில் பட்டுத் துளியாகும் விடியற்காலையில் மட்டுமே அது தன்னை வெளிப்படுத்துகிறது.

இதை உலகத்தாருக்கு மிக அழகாக விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கி, இளைஞர்களுக்கென்று அவர் நிகழ்த்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில், எரியும் சுடருக்கு மேலே பனிக்கட்டியால் குளிர்வித்த பாத்திரத்தைப் பிடித்து, அதன் அடியில் நீர்த்துளி திரள்வதைக் காட்டினார். சுடருக்கு ஒளி தருவதே அதனுள் கனன்று மிதக்கும் கரித்துகள்கள்தான் என்பதையும் காட்டினார். ஆனால் ஃபாரடேயைப் படித்தறியாத நம் வீட்டுப் பெண்மணிகளும் இவ்விரண்டையும் நாள்தோறும் கண்டவர்களே. அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கண்ணாடிச் சிம்னியை இறக்கிய மறுகணம் அதன் உட்புறம் மூச்சுப் பட்டாற்போல் மங்கி, பின்பு சூடேறத் தெளியும். அந்த மங்கல் மண்ணெண்ணெய் எரிந்து பிறந்த நீர். திரியை அளவுக்கு மேல் தூண்டிவிட்டாலோ, சிம்னியின் மேற்பகுதி கறுத்துவிடும். அது எரிந்து முடியாத கார்பன். மறுநாள் சாயங்காலம் சாம்பலும் பழந்துணியும் கொண்டு அந்தக் கறுப்பைத் துடைக்கும் வேலை பல வீடுகளில் குழந்தைகளுடையதாக இருந்தது.

கரியை நாம் வெறுத்து ஒதுக்கினோம் என்பதற்கில்லை. ஆமணக்கெண்ணெய் விளக்கின் மீது தாம்பாளத்தைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்தெடுத்து, எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்துக் குழந்தையின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் தீட்டினோம். எழுத்தாணி கீறிய ஓலையில் எழுத்துப் புலப்படும்படி கரிமையைத் தடவியதற்கு மையாடல் என்றே பெயரிட்டோம். நம் முன்னோர் நமக்காக எழுதிவைத்தவற்றைக் கண்ணால் வாசிக்கும்படி செய்து தந்தது சுடரின் இந்தக் குறைதான். காற்றுப் போதாமல் சுடர் தன் வேலையை முடிக்காது விட்ட மிச்சமே கரி. காற்று நிறைந்து சுடர் தன் வேலையை முடித்த இடத்தில் மிஞ்சுவது நீரும் கண்ணுக்குத் தெரியாத வாயுவும். எங்கள் மதிற்சுவரிலுள்ள புள்ளி ஒவ்வொன்றிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இரவில் குழாய்க்குள் படிந்து கிடந்த கரியைக் காலையில் பிறந்த நீர் கழுவிக்கொண்டு வந்து சுவரில் தெறிக்கிறது.

இந்தப் பகுதிக்கு நீரும் கரியும் புதியவை அல்ல. பெங்களூரில் பிரிட்டிஷாரின் தண்டு என்னும் கண்டோன்மென்ட் 1809இல் அமைந்த பிறகு, அதன் படைகளோடும் கடைகளோடும் தமிழர் பெருமளவில் குடியேறினர். 1864இல் சென்னை ரயில்வேயின் ஜோலார்பேட்டைக் கிளை கண்டோன்மென்ட் வரை வந்தது. 1898இல் பிளேக் நோய் பரவிய பின் நெரிசலுக்கு வெளியே ஃப்ரேசர் டவுன் முதலிய புதிய பேட்டைகள் எழுந்தன. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி அந்தத் தண்டவாளத்தின் அண்டையில் வளர்ந்தது. நீராவி எஞ்சினோ நீரையும் கரியையும் ஒரே வாயால் வெளியிடுகிற யந்திரம்: உருளையில் வேலை செய்து களைத்த ஆவியைப் புகைபோக்கி வழியே வேகமாக ஊதி, அந்த வேகத்தாலேயே அடுப்புக்குக் காற்றை இழுக்கும் அமைப்பு அதில் உண்டு, ஆகையால் ஒவ்வொரு மூச்சிலும் வெண்மையும் கருமையும் கலந்தே வரும். மெயில் ரயில் வரும் நேரத்துக்குமுன் மொட்டை மாடித் துணிகளை எடுத்துவிட வேண்டும் என்பது, இங்கே வாழ்ந்த தாய்மார்களின் நாட்குறிப்பில் எழுதப்படாத விதியாக இருந்ததென்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ளை வேஷ்டியில் மிளகளவு கரி விழுந்தால், தேய்க்கக்கூடாது, ஊதித்தான் தள்ளவேண்டும் என்பதும் அவர்கள் கற்றுத் தந்ததே.

யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காத 1940களில், கரியையே உண்டு ஓடிய பஸ்களும் இருந்தன. பின்புறம் பொருத்திய உலையில் அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்து, அந்த வாயுவை இன்ஜினுக்குள் செலுத்துவார்கள். இத்தகைய வாயு உலைகளை மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் தானே வடிவமைத்துத் தயாரித்தது. புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே உலையை மூட்டி, காற்று விசிறியைச் சுழற்றிச் சுழற்றித் தணலெழுப்பிய கிளீனர்களின் முகம் எப்படிக் கறுத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். யுத்தம் முடிந்து எண்ணெய் கிடைத்ததும் அந்த உலைகள் மறைந்தன. டீசல் தன் ஆட்சியைத் தொடங்கியது.

டீசல் இன்ஜினின் வரலாறு முழுவதும் ஓர் அர்த்தத்தில் கரியோடு நடந்த போராட்டமே. பாரிஸில் 1858இல் பிறந்த ஜெர்மானியர் ருடால்ஃப் டீசல், 1892இல் தம் காப்புரிமையை நாடியபோது நிலக்கரித் தூளையும் எரிபொருளாக எண்ணியிருந்தார்; 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் எண்ணெயால் ஓடும் இன்ஜினை வெற்றிகரமாக நிறுவினார்; 1913இல் கப்பலில் பிரயாணம் செய்கையில் காணாமற்போய்க் கடலில் உயிர்நீத்தார். அவர் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக அழுத்தமாக இறுக்கினால் அதுவே கொதித்துச் சூடாகும். அச்சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். தெளிப்பதில்தான் சகல கஷ்டமும். எண்ணெய் பெரிய துளியாக விழுந்தால், அதன் வெளிப்புறம் மட்டும் எரிந்து நீராகும்; உட்புறம் காற்றைக் காணாமல் வெந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கண்ணுக்கெட்டாத கரிமணிகளாகி, திராட்சைக் குலை போல் கோத்துக்கொள்ளும். டீசலின் காலத்தில் அழுத்தக் காற்றால் எண்ணெயை ஊதித் தெளித்தார்கள்; அதற்குத் தனியே கனத்த காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அவ்வின்ஜின் ஆலையிலும் கப்பலிலும் அடைபட்டுக் கிடந்தது. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் எண்ணெயையே நேரடியாக அழுத்தித் தெளிக்கும் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே லாரிக்கும் பஸ்ஸுக்கும் டீசல் தாராளமாக வந்தது.

அந்தப் பம்பும், அது அனுப்பும் எண்ணெயைத் தெளிக்கும் நாசிலும் நம் தேசத்தில் செய்யப்படத் தொடங்கிய ஊர் பெங்களூரே என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் செய்தி. பாஷின் ஒத்துழைப்போடு 1951இல் தோன்றிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஆடுகோடியில் ஆலை அமைத்து, டீசல் பம்புகளையும் நாசில்களையும் செய்யத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயரான மைக்கோ, நாடெங்கும் மெக்கானிக்குகளின் நாவில் அப்பொருளுக்கே பெயராயிற்று. 2008இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிய பின்னும், எங்கள் பாய் மைக்கோ நாசில் என்றே சொல்கிறார். எண்ணூரில் 1948இல் தோன்றி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்ற பெயர் பெற்ற ஆலையின் வண்டிகளும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாடா மெர்சிடிஸ் லாரிகளும் தேசத்தின் சுமையைத் தூக்கிய அந்தத் தலைமுறையில், ஒரு லாரி கரும்புகை விடுவதும் விடாததும் அந்த விரல் நீள உருக்குத் துண்டின் நுனித் துளைகளைப் பொறுத்திருந்தது.

பாயின் பட்டறையில் நாசில் சோதிக்கும் கையியந்திரம் ஒன்று உண்டு. கழற்றிய நாசிலை அதில் மாட்டி, நெம்புகோலை அவர் அழுத்த, அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி, 200 பார் அளவுக்கு அருகே வந்ததும், 'கிர்ர்' என்ற ஓசையோடு டீசல் வெள்ளைப் பனிமூட்டமாகச் சிதறும். அந்த மூட்டம் நாற்புறமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நூலாக ஓடினாலும், தெளித்து ஓய்ந்த பின் நுனியில் ஒரு சொட்டு நின்றாலும் அந்த நாசில் ஆகாது. அந்த ஒரு சொட்டுதான் சைலன்சர் வழியே கறுப்பாக வெளிவரும். தெளிக்கும்போது விரலைக் குறுக்கே நீட்டாதே, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்று வேலை பழகும் பையனிடம் அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவருடைய நகக்கண்களில் நாற்பது ஆண்டுக் கரி நிரந்தரமாகத் தங்கியிருக்கிறது. அரப்பும் சோப்பும் அதை அசைக்கவில்லை.

இந்த ஊரின் உயரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கும் பெங்களூரில், சென்னையைவிடக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத அந்நாள் லாரியோ, கடற்கரையில் திட்டம் செய்த அதே அளவு டீசலைத்தான் இங்கேயும் தெளித்தது. காற்று மெலிந்துவிட, எண்ணெய் மட்டும் மெலியவில்லை. வேலூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி கடந்து, பாரத்தோடு மேடேறி வந்த வண்டிகள் ஒசூரைத் தாண்டுகையில் கக்கிய புகையில் இந்த உயரத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. போதாக்குறைக்கு, பம்பை ஏற்றி வைப்பது என்றொரு வழக்கம் இருந்தது. முத்திரையிட்ட திருகைத் தளர்த்தி, கூடுதலாக டீசல் போகும்படி செய்தால், மேட்டில் இழுவை சிறிது கூடும். புகை வெகுவாகக் கூடும். புகைந்தால்தான் வண்டிக்கு பவர் என்ற அபிப்பிராயம் இவ்வாறு வேரூன்றியது. நல்ல உழைப்பாளிகளான டிரைவர்கள் பலர் அதை நம்பினார்கள். கறுப்பாக வெளியேறுவது தாங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசலே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

தண்டவாளத்திலும் இதே கதைதான். 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸின் முதல் எஞ்சின் வெளிவந்தது. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் திட்டப்படி அமைந்த டபிள்யூ.டி.எம்.-2 என்ற அவ்வகை, 16 சிலிண்டரும் 2600 குதிரைத்திறனும் உடையது. அதில் டர்போ உண்டு. ஆனால் டர்போ சுழல்வதற்கு முதலில் புகையின் வேகம் வேண்டும். டிரைவர் கைப்பிடியை ஏற்றியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். காற்றோ டர்போ வேகம் பிடித்த பின்னரே வரும். அந்தச் சில நொடிகளில் எஞ்சினின் தலைக்கு மேல் ஒரு கருங்கம்பம் எழும். பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து பாசஞ்சர் புறப்படும்போது குழந்தைகள் கைதட்டிப் பார்த்த காட்சி அது. 1980களில் கிருஷ்ணராஜபுரத்தில் டீசல் லோகோ ஷெட் அமைந்ததும், இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு டீசல் என்பது சோறு போடும் தொழிலாயிற்று. 1990களில் மின்கம்பிகள் வந்தபின் அந்தக் கருங்கம்பம் மெல்ல மெல்ல அருகியது.

தெருவில் அது அத்தனை எளிதாக அருகவில்லை. டீசலில் கந்தகமும் இருந்தது. 1990களின் நடுப்பகுதி வரையில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. அது எரிந்து, நாம் முன்னே கண்ட நீரோடு சேர்ந்தால் அமிலம். கிட்டத்திலேயே ஓடி ஓடி நிற்கும் வண்டிகளில், குழாய் ஒருபோதும் முழுச் சூடு பெறாமல், அந்த அமில நீர் சைலன்சரின் அடிவயிற்றில் தேங்கித் தகட்டை அரித்தது. இதற்காகவே சில சைலன்சர்களின் அடியில் ஊசித்துளை ஒன்று வைத்திருப்பார்கள்; அதை ஓட்டை என்று எண்ணி வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, ஆறு மாதத்தில் தகடு முழுவதையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓடுகிற டீசல் வண்டியின் புகைக்கு ஓர் எல்லை வகுத்தன. புகை நிறைந்த குழாயின் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் கணக்கில், முழுத் தெளிவு 0, முழு இருள் 100. வண்டி 65ஐத் தாண்டலாகாது என்றிருந்தது. பாதிக்கு மேற்பட்ட ஒளியை விழுங்கும் புகையும் சட்டத்திற்கு உட்பட்டதாகவே இருந்தது என்பதை இன்று எண்ணும்போது மனம் கனக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2012 ஜூனில் தீர்மானமாக அறிவித்தபோது, பஸ் டிப்போக்களின் குழிகளிலும், லோகோ ஷெட்களிலும், சுங்கச் சாவடிகளிலும், தெருவோரத் தள்ளுவண்டிகளின் பின்னாலும் ஒரு தலைமுறை முழுவதும் அதைச் சுவாசித்து முடித்திருந்தது. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எரிபொருளும் இன்ஜினும் படிப்படியாகவே திருந்தின. பாரத் ஸ்டேஜ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் இரண்டாம் படி 2003இலும், மூன்றாம் படி 2005இலும், நான்காம் படி 2010இலும் பெங்களூருக்கு வந்தன. ஆறாம் படி 2020 ஏப்ரல் முதல் தேசம் முழுமைக்கும் வந்தது. பத்து லட்சத்தில் 10,000 பங்காயிருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. 200 என்று பாயின் அழுத்தமானி காட்டிய இடத்தில், காமன் ரெயில் பம்புகள் 1600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தூவுகின்றன. அதற்கும் தப்பிய கரியைப் பிடிக்க, தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்று குழாயில் அமர்ந்திருக்கிறது. அதன் சுவர்களின் நுண்துளை வழியே வாயுவும் நீராவியும் கடந்துவிடும், கரி சிக்கிக்கொள்ளும். நிரம்பியதும் சுமார் 600 டிகிரி சூட்டில் அதை அங்கேயே எரித்துவிடுவார்கள். சிலிண்டருக்குள் முடியாமல் போன எரிதல் இவ்வாறு குழாயில் முடிவு பெறுகிறது. நெரிசலில் ஊர்ந்தே செல்லும் வண்டிக்கு அந்தச் சூடு கிட்டாமல், வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிவதும் உண்டு. வாரம் ஒருமுறை ஒசூர் ரோட்டிலோ விமான நிலையச் சாலையிலோ அரை மணி நேரம் சீராக ஓட்டி வாருங்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதனால்தான்.

சென்ற மார்கழியில் நண்பர் தம் பழைய வண்டியை விற்றுவிட்டு, இந்த ஆறாம் படி வண்டியொன்றைக் கொண்டுவந்து, அதே மதிலருகே நிறுத்தினார். காலையில் கிளப்பியதும் வழக்கம்போல் வெள்ளாவி எழுந்தது, குழாயின் உதட்டில் துளி திரண்டது, விழுந்தது, சுண்ணாம்புச் சுவரில் தெறித்த ஈரம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்து மறைந்தது. பட்டறையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த பாய் நின்றார். இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, குழாயின் சூட்டைப் புறங்கையால் பதம் பார்த்து, குந்தி உட்கார்ந்து, சுட்டுவிரலை அதனுள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். நகக்கண்ணில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. விரல்நுனியில் ஈரம் மட்டும் இருந்தது. அதை வெயிலில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.